உடம்புக்கு எந்த நேரம்?

எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பாட்டு என்றால் பாலக்காட்டுச் செம்பை இசைக் கல்லூரி. ஆட்டம் என்றால் செறுதுருத்தி கலாமண்டலம். நாடகம் என்றால் திருச்சூர் அரணாட்டுக்கரையில் 1977இல் தொடங்கிய நாடகப் பள்ளி. மூன்றும் வேண்டும் என்கிற பிள்ளை எங்கே போவது? என் அக்கா மகளுக்கு அந்த ஆசைதான். பாடிக்கொண்டே ஆடி நடிக்க வேண்டும் அவளுக்கு. வரும் ஆண்டு நாடகப் பட்டப்படிப்பில் சேரப்போகிறாள். "மாமா, பாட்டும் நடிப்பும் காலேஜ்ல கெடச்சுருமுங்க. ஆட்டத்தை எங்கெ வெக்கிறதுங்க?" என்று கேட்டாள்.

நான் பாட்டு வாத்தியார். நேரத்தைப் பங்கு போடுவது பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் சாதகத்தில் கற்றதுதான். அங்கே எத்தனை மணி நேரம் என்பதைவிட, எந்த வேளையில் என்பது பெரிய விஷயம்.

வள்ளத்தோளும் முகுந்தராஜாவும் 1930இல் தொடங்கிய கலாமண்டலத்தில் கதகளிப் பிள்ளைகளின் நாள் விடியும் முன்னே தொடங்கும். கண்ணில் நெய் விட்டுக்கொண்டு கண் சாதகம். மழைக்காலத்தில் உழிச்சல்: பிள்ளை பாயில் குப்புறப் படுத்திருக்க, ஆசான் மேலே கட்டிய கம்பைப் பிடித்துக்கொண்டு, எண்ணெய் பூசிய உடம்பைத் தம் காலால் நீவி மிதிப்பார். மழைக் குளிரில்தான் உடம்பு வளையக் கற்கும் என்பது அவர்கள் கணக்கு. பள்ளிப் பாடமும் பட்டப் பாடமும் அந்த நாளின் மிச்சத்தில்தான் இடம் பிடித்தன. ஆனால் அங்கே நடிகன் பாடுவதில்லை. சேங்கிலை ஏந்திய பொன்னானியும் இலைத்தாளம் தட்டும் சிங்கிடியும் பின்னால் நின்று பாடுவார்கள். தொண்டையை வேறு ஆளுக்குக் கொடுத்ததால்தான் நடிகனுக்கு உடம்பை முழுதாகக் கொடுக்க முடிந்தது.

கூத்து வேறு. இடுக்கி கோவில்மலையில் மன்னான் மக்கள் கோவலன் கண்ணகி கதையைப் பாட்டும் ஆட்டமுமாகவே நடத்துகிறார்கள். காஞ்சிபுரம் அருகே புஞ்சரசந்தாங்கலில் இராஜகோபால் 2002இல் தொடங்கிய கட்டைக்கூத்துக் குருகுலம்தான் என் அக்கா மகளின் கேள்விக்கு மிக அருகில் வருகிறது. பள்ளிப்படிப்பும் கூத்தும் ஒரே வளாகத்தில் நடந்தன. பெண் பிள்ளைகளும் கற்றார்கள். கட்டை அணிகளின் பாரத்தோடு சுழன்று ஆடி, முகவீணைக்கு மேலே குரலை ஏற்றி, இரவு முழுக்கப் பாட வேண்டும். 2020இல் அது மூடப்பட்டது எனக்கு இன்றும் தாங்க முடியாத இழப்பு. ஒரே ஆள் பாடவும் ஆடவும் வேண்டும் என்கிற சிக்கல் அமெரிக்காவிலும் இருந்தது. 1943இல் 'ஓக்லஹோமா!' இசை நாடகத்தின் கனவு நடனத்தில் முக்கிய பாத்திரங்களுக்கு வேறு ஆட்டக்காரர்களை நிறுத்தினார்கள். 1957இல் 'வெஸ்ட் சைட் ஸ்டோரி' வந்தபோது பாடுகிறவர்களே ஆடினார்கள்.

இரண்டையும் ஒரே உடம்பில் வைப்பது ஏன் கடினம் என்று வீட்டிலேயே பார்த்தேன். அக்கா மகள் பரதத்தின் அரைமண்டியில் தட்டடவை மூன்று காலமும் முடித்த கையோடு மாயாமாளவகௌளையில் சரளி வரிசை பாடச் சொன்னேன். நிஷாதம் வரை வந்தாள், மேல் ஷட்ஜத்தில் குரல் அறுந்தது. ஆட்டம் வயிற்றை இறுக்கிப் பிடிக்கச் சொல்கிறது, பாட்டு இளக்கிவிடச் சொல்கிறது. வேகத்தைப் பாதியாகக் குறைத்து, கால் தரையைத் தட்டும்போது மூச்சு வாங்காமல் கால் எழும்போது வாங்கப் பழக்கினோம். சில வாரங்களில் ஷட்ஜம் நின்றது. அது தனித்தனி வகுப்பில் வராது. ஆடிய களைப்பின் மேலேயே பாடிப் பழக வேண்டும்.

அதனால் அவளிடம் சொன்னேன்: "சனி ஞாயிறு வகுப்பை நம்பாதே கண்ணு. வாரத்துக்கு ஒருநாள் மூணு மணி நேரம் ஆடறதவிட, தினமும் காலையில முக்கால் மணி நேரம் ஆடு. ஒரே ஆசான், ஒரே பாணி. ஆடி முடிச்ச உடனே பாடு." கல்லூரி நேரம் நடிப்புக்கு. மாலை உடம்பு ஓய்ந்திருக்கும், அப்போது பிரதி படிக்கலாம்.

இதற்கு ஒன்றை விட்டுத்தான் ஆக வேண்டும். அரங்கேற்றத்தை விடு என்றேன். மார்க்கத்தின் உருப்படிகள் முழுவதையும் மெருகேற்ற ஓராண்டு போய்விடும், பணமும் போகும். அவள் நிற்கப்போகும் மேடைக்கு அது தேவையில்லை. அக்காவுக்கு வருத்தம். மகளை அலங்காரத்தோடு மேடையில் பார்க்க அவள் பல வருஷமாகக் காத்திருந்தவள். அந்த ஆசையைச் சின்னதென்று நான் நினைக்கவில்லை. என்றாலும் அந்த ஓராண்டு பிள்ளையுடையது.

அடுத்து அவள் தேட வேண்டியது ஓர் இடம். விடுதியில் சிமெண்ட் தரை. அதில் தினமும் தட்டினால் முழங்கால் போய்விடும். பக்கத்தில் மண் தரையோ மரத் தரையோ உள்ள கூடம் எது, காலை ஆறு மணிக்குத் திறந்து விடுவார்களா என்று, சேரும் முன்பே விசாரிக்கச் சொல்லியிருக்கிறேன்.