காவல்காரனே அடித்தால்...

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட் பக்கம் மல்லிகை கட்டும் ஓர் அக்காவைத் தெரியும். காலையில் எழுந்தால் ஒரு மணி நேரத்துக்கு விரல்களை மடக்க முடியாது. வீக்கம், வலி. முடக்குவாதம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

''எந்த ஜென்மத்துப் பாவமோ தம்பி, என் உடம்பே எனக்கு எதிரியாப் போச்சு'' என்றார்.

நோய் என்பது பாவத்துக்குத் தண்டனையா?

நம் ரத்தத்தில் டி செல்கள் என்ற காவல்காரர்கள் உண்டு. நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பிதான் அவர்களின் பயிற்சிக்கூடம். சொந்த உடம்பையே அடிக்கப் பாய்கிறவர்களை அங்கேயே கழித்துக்கட்டிவிடும். அதையும் மீறிச் சிலர் தப்பி வந்துவிடுவார்கள். 'பொறுடா, இது நம்ம வீடு' என்று அவர்களைத் தடுத்து நிறுத்தவே தனி வகை டி செல்கள் இருக்கின்றன. 1995-ல் இவற்றை அடையாளம் காட்டியவர் ஜப்பானைச் சேர்ந்த ஷிமோன் சகாகுச்சி. 2025-ல் அமெரிக்கர்கள் இருவரோடு சேர்த்து அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

தடுக்கும் கை தளர்ந்தால் காவல்காரனே வீட்டை நொறுக்குவான். முடக்குவாதத்தில் மூட்டுக்குள் நடப்பது ஏறக்குறைய இதுதான். ஆள் தெரியாமல் விழுந்த அடி. இதில் பாவக் கணக்கு எங்கே வந்தது?

இதே நோய் டாக்டர் ஜி.வெங்கடசாமியின் விரல்களையும் கோணலாக்கியது. ராணுவ மருத்துவராக இருந்தவர், இளம் வயதிலேயே படுக்கையில் விழுந்தார். பிரசவ மருத்துவர் ஆகும் ஆசை போயிற்று. வளைந்த விரல்களால் கத்தி பிடிக்கப் பழகி, ஒரு லட்சத்துக்கும் மேல் கண் ஆபரேஷன் செய்தார். 1976-ல் 11 படுக்கைகளோடு அவர் தொடங்கியதுதான் அரவிந்த் கண் மருத்துவமனை.

அக்காவிடம் இதைச் சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. 'அவரால் முடிஞ்சுது, உன்னால முடியாதா?' என்று அது அவர் காதில் விழுந்தால்? 'பாவம் செய்தாய்' என்பது ஒரு குற்றச்சாட்டு. 'மனசு வைத்தால் ஜெயிக்கலாம்' என்பதும் சில நேரம் குற்றச்சாட்டுதான்.

''நீங்க ஒரு தப்பும் பண்ணலைக்கா. மாத்திரையை மட்டும் பாதியில நிறுத்திடாதீங்க. சீக்கிரமே வைத்தியம் பாத்தா, மூட்டு கோணாம பெரும்பாலும் காப்பாத்திடலாம்'' என்றேன்.

''அப்போ யார் மேல தம்பி கோவப்படுறது?''

எனக்குப் பதில் வரவில்லை. அக்கா சிரித்துவிட்டு நாரை எடுத்துக்கொண்டார்.

நோயாளியைப் பார்க்க ஆரஞ்சும் ஹார்லிக்ஸும் வாங்கிப் போகிறோம். கூடவே ஒரு காரணத்தையும் தூக்கிக்கொண்டு போகிறோம். அதை மட்டும் செருப்போடு வாசலில் விட்டுவிட்டுப் போகலாமே!