பதில் தீர்ந்த இடத்தில் நெருப்பு

 



கல்லூரியில் படிக்கிற, ஓ.எம்.ஆர். கம்பெனிகளில் வேலை பார்க்கிற நம் பிள்ளைகள் அடிக்கடி ஒன்று கேட்கிறார்கள். "ஹஜ்ரத், கடவுள் இல்லை என்று மேடை போட்டுப் பேசுகிறவரும், எங்கள் மார்க்கம்தான் சரி என்று முழங்குகிற மதவாதியும் ஒன்றுதானே? இரண்டு பேருமே தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்கிறார்கள். இரண்டு பேருக்கும் அடுத்தவரை மாற்றியாக வேண்டும். என்ன வித்தியாசம்?"

இது நியாயமான கேள்வி. கேட்டவரை முறைத்துப் பார்த்து அனுப்பிவிடக் கூடாது. இன்றைய ஜும்ஆவில் இதைத்தான் பார்க்கப் போகிறோம்.

உறுதி குற்றமல்ல

தான் நம்புவதை உண்மை என்று உறுதியாகச் சொல்வது யாருக்கும் குற்றமாகாது. நபிமார்கள் எல்லோரும் உறுதியோடுதான் பேசினார்கள். ஆனால் அந்த உறுதி அவர்களை எப்படிப் பேச வைத்தது என்பதைக் கவனியுங்கள்.

ஸபா அத்தியாயத்தின் 24வது வசனத்தில், மக்கத்து முஷ்ரிக்குகளிடம் எப்படிப் பேச வேண்டும் என்று அல்லாஹ் நபி (ஸல்) அவர்களுக்குக் கற்றுக்கொடுக்கிறான். நாங்கள் அல்லது நீங்கள், இரு சாராரில் ஒருவர் நேர்வழியில் இருக்கிறோம், மற்றவர் வழிகேட்டில் இருக்கிறோம் என்று பேச்சைத் தொடங்கச் சொல்கிறான். நபியவர்களுக்கு இதில் கடுகளவும் சந்தேகம் கிடையாது. ஆனாலும் எதிரில் இருப்பவர் உட்கார்ந்து யோசிப்பதற்கு ஓர் இடம் விடப்படுகிறது. உறுதி உள்ளவர் பொறுமையாகப் பேசுவார். உள்ளுக்குள் பயம் உள்ளவர்தான் கத்துவார்.

மூஸா (அலை), ஹாரூன் (அலை) இருவரையும் ஃபிர்அவ்னிடம் அனுப்பும்போது, அவனிடம் மென்மையாகப் பேசுங்கள் என்று அல்லாஹ் சொல்லி அனுப்பினான் (20:44). தன்னையே கடவுள் என்று சொன்னவனிடமே மென்மை! அப்படியானால், "எனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை" என்று மட்டும் சொல்கிற பக்கத்து வீட்டுக்காரரிடம் எப்படிப் பேச வேண்டும்?

எச்சரிக்கை வேறு, மிரட்டல் வேறு

"நீங்கள் நரகத்தைச் சொல்லி மிரட்டுகிறீர்களே, நாத்திகர் அப்படி மிரட்டுவதில்லையே" என்று சிலர் கேட்பார்கள். இதற்கு நாம் தெளிவாகப் பதில் சொல்ல வேண்டும்.

"சிகரெட்டை விடாவிட்டால் நுரையீரல் கெட்டுவிடும்" என்று டாக்டர் சொன்னால் அது எச்சரிக்கை. அந்த விளைவு டாக்டர் கையில் இல்லை. "விடாவிட்டால் உன்னை அடிப்பேன்" என்று ஒருவர் சொன்னால் அது மிரட்டல். மறுமையைப் பற்றிச் சொல்லும் பொறுப்பு நமக்கு உண்டு. அந்தத் தீர்ப்பை இங்கேயே எடுத்து நடத்தும் உரிமை நமக்கு இல்லை. நபி (ஸல்) அவர்களைப் பார்த்தே அல்லாஹ், நீர் நினைவூட்டுபவர்தான், அவர்கள் மீது அதிகாரம் செலுத்துபவர் அல்லர் என்று காஷியா அத்தியாயத்தில் சொல்கிறான் (88:21, 22). மக்கள் நம்பிக்கை கொள்ளும்வரை அவர்களை நீர் நிர்ப்பந்திப்பீரா என்று யூனுஸ் அத்தியாயத்தில் கேட்கிறான் (10:99).

எனவே, கேட்பவர் "வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் பத்திரமாக வீடு போய்ச் சேர முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் அது அழைப்பு. முடியாவிட்டால், அழைப்பவர் ஆத்திகராக இருந்தாலும் நாத்திகராக இருந்தாலும் அது அடக்குமுறை.

நாத்திகமும் இதற்கு விலக்கல்ல. சோவியத் ஆட்சியில் மத்திய ஆசியாவின் எத்தனையோ பள்ளிவாசல்கள் மூடப்பட்டன. அல்பேனியாவில் 1967இல் எல்லாப் பள்ளிவாசல்களையும் தேவாலயங்களையும் மூடி, உலகின் முதல் நாத்திக நாடு என்று அறிவித்துக்கொண்டார்கள். அதிகாரம் கைக்கு வந்ததும் கடவுள் மறுப்பும் கட்டாய மதம் போலத்தான் நடந்தது.

நம் ஊரில் நடந்தது

நம் தமிழ்நாட்டு அனுபவம் வேறு மாதிரி. 1925இல் சுயமரியாதை இயக்கத்தைத் தொடங்கிய பெரியார், தம் கடைசிப் பொதுக்கூட்டத்தை 1973 டிசம்பர் 19 அன்று இதே தியாகராய நகரில்தான் பேசினார். ஐந்து நாளில் வேலூரில் இறந்தார். சுமார் ஐம்பது ஆண்டுகள் ஊர் ஊராகப் போய்க் கடவுள் மறுப்பைப் பேசினார். கேட்ட மக்களில் பெரும்பாலோர் மறுநாள் காலையில் வழக்கம்போல் கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் போனார்கள். யாரும் யாரையும் தடுக்கவில்லை. குன்றக்குடி அடிகளார் போன்ற ஆன்மிகப் பெரியவர்களோடு அவருக்கு நட்பும் இருந்தது. அவர் கொள்கையை நாம் முழுமையாக மறுக்கிறோம். ஆனால், அவரது மேடையில் "வேண்டாம்" என்று எழுந்து போக இடம் இருந்தது என்பதை மறுக்க முடியாது.

அவர் வழியிலும் நமக்குப் பாடம் உண்டு. 1953இல் களிமண் பிள்ளையார் உருவங்களை உடைக்கும் போராட்டம் நடத்தினார். அதனால் பிள்ளையார் வணக்கம் நின்றதா? சதுர்த்திக்கு முந்தின நாள் மயிலாப்பூர் மாட வீதிகளில் நடந்து பாருங்கள், தெரியும். மாறாக, புரோகிதர் இல்லாத சுயமரியாதைத் திருமணத்துக்கு 1967இல் அண்ணா ஆட்சியில் சட்ட ஏற்புக் கிடைத்தது. மனிதனுக்கு மரியாதை தேடிக் கொடுத்த வேலை நின்றது. மனதைப் புண்படுத்திய வேலை யாரையும் மாற்றவில்லை.

அல்லாஹ் அல்லாதவற்றை அழைப்போரின் தெய்வங்களை ஏசாதீர்கள், ஏசினால் அவர்களும் அறியாமையால் அல்லாஹ்வை ஏசுவார்கள் என்ற கட்டளை அன்ஆம் அத்தியாயத்தில் நமக்கு இருக்கிறது (6:108). "இப்ராஹீம் நபி சிலைகளை உடைத்தார்களே" என்று கேட்கலாம். அது அல்லாஹ்வின் நேரடி வழிகாட்டலில் இருந்த ஒரு நபியின் செயல். நமக்கு இடப்பட்ட சட்டம் இந்த 108வது வசனம்.

அந்த வரலாற்றில் நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று. என் இறைவன் சூரியனைக் கிழக்கில் உதிக்கச் செய்கிறான், நீ மேற்கில் உதிக்கச் செய் என்று இப்ராஹீம் (அலை) கேட்டபோது அரசன் வாயடைத்துப் போனான் (2:258). அவரது சமூகத்தாரிடம், உடைத்தது யார் என்று பேச முடிந்தால் இந்தச் சிலைகளிடமே கேளுங்கள் என்றபோது அவர்களும் தலைகுனிந்தார்கள். பிறகு என்ன செய்தார்கள்? இவரை எரியுங்கள் என்றார்கள் (21:68). பதில் தீர்ந்துபோன இடத்தில்தான் நெருப்பு மூட்டப்பட்டது. நாம் இப்ராஹீமுடைய மில்லத்தைச் சேர்ந்தவர்கள். வாதத்தின் பக்கம் நிற்க வேண்டியவர்கள். நெருப்பு மூட்டியவர்களின் பக்கம் நமக்கு என்ன வேலை?

கோவையின் வேதனை

அன்பானவர்களே! இதைச் சொல்லாமல் இந்த பயானை முடித்தால் நான் அமானிதத்தை நிறைவேற்றியவன் ஆகமாட்டேன்.

2017 மார்ச் 16 இரவு கோவையில் ஃபாரூக் என்ற இளைஞர் வெட்டிக் கொல்லப்பட்டார். முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர், திராவிடர் விடுதலைக் கழகத்தில் இருந்தவர், பிள்ளைகளுக்குத் தகப்பன். அவர் இறைமறுப்புக் கருத்துகளை எழுதியதுதான் காரணம் என்று காவல்துறை சொன்னது. கைதானவர்கள் முஸ்லிம் பெயர் தாங்கியவர்கள். மறுநாள் ஜும்ஆ.

அந்தக் கத்தி எதைச் சாதித்தது? ஒருவருடைய சந்தேகத்துக்காவது பதில் சொன்னதா? மகனைப் பறிகொடுத்த தந்தை, தானும் மகனுடைய இயக்கத்தில் சேரப் போவதாகச் சொன்னார் என்று பத்திரிகைகள் எழுதின. எத்தனையோ மேடைகளால் செய்ய முடியாததை ஒரே இரவில் அந்தக் கத்தி செய்துவிட்டது. தீனுக்கு உதவி என்று நினைத்து தீனுக்கு எதிராகச் சாட்சி சொன்னார்கள். தண்டனை கொடுக்கும் அதிகாரம் தனிமனிதன் கையில் இல்லை என்பது மதரஸாவில் ஃபிக்ஹ் ஓதிய ஒவ்வொருவருக்கும் தெரிந்த சட்டம். அநியாயமாக ஓர் உயிரைக் கொன்றவன் மனித குலம் முழுவதையும் கொன்றவன் போலாவான் என்பது குர்ஆனின் தீர்ப்பு (5:32).

2013 ஆகஸ்டில் புனேயில் மூடநம்பிக்கையை எதிர்த்துப் பேசிய நரேந்திர தபோல்கர் காலை நடைப்பயிற்சியின்போது சுடப்பட்டார். அங்கே கொன்றவர்களின் மதம் வேறு. செயல் ஒன்றுதான். அதைக் கண்டித்த நாவால் இதையும் கண்டிக்காவிட்டால், நம் கண்டனத்துக்கு மதிப்பில்லை.

வீட்டில் ஒரு பிள்ளை கேட்டால்

நாளை உங்கள் மகன், "வாப்பா, எனக்கு நம்பிக்கை வரமாட்டேங்குது" என்று சொன்னால் என்ன செய்வீர்கள்?

விபச்சாரத்துக்கு அனுமதி கேட்டு ஓர் இளைஞர் நபி (ஸல்) அவர்களிடம் வந்த ஹதீஸ் முஸ்னது அஹ்மதில் இருக்கிறது. சுற்றி இருந்தவர்கள் அதட்டினார்கள். நபியவர்கள் பக்கத்தில் வரச் சொன்னார்கள். உன் தாய்க்கு, மகளுக்கு, சகோதரிக்கு இதை விரும்புவாயா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். பிறகு அவர் மீது கையை வைத்து துஆச் செய்தார்கள். அதட்டியிருந்தால் அந்த இளைஞர் போயிருப்பார், கேள்வி அவருக்குள்ளேயே இருந்திருக்கும்.

வாயால் சொல்லவே அஞ்சும் எண்ணங்கள் மனதில் வருகின்றன என்று ஸஹாபாக்கள் முறையிட்டபோது, அந்த அச்சமே தெளிவான ஈமான் என்று நபியவர்கள் ஆறுதல் சொன்னார்கள் (முஸ்லிம்). சந்தேகம் வந்தவரெல்லாம் எதிரி இல்லை. பாதிப் பேர் பதில் தேடி வந்தவர்கள்.

ஆகவே அவன் பேசி முடிக்கும்வரை கேளுங்கள். அவன் சொன்னதை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். தெரிந்ததற்குப் பதில் சொல்லுங்கள், தெரியாததற்குத் தெரியாது என்று சொல்லுங்கள். இமாம் மாலிக் (ரஹ்) அவர்களே எத்தனையோ கேள்விகளுக்குத் தெரியாது என்றார்கள். பிறகு ஆலிம்களிடம் அழைத்து வாருங்கள். அவன் ஏற்காவிட்டாலும் வீட்டுக் கதவை அடைக்காதீர்கள். தம் மீது உயிரையே வைத்திருந்த அபூதாலிப் அவர்களின் உள்ளத்தை நபியவர்களாலேயே திருப்ப முடியவில்லை. நேர்வழி கொடுப்பது அல்லாஹ்வின் வேலை என்று அப்போது சொல்லப்பட்டது (28:56). ஆனாலும் நபியவர்கள் கடைசி மூச்சுவரை பெரிய தந்தையின் படுக்கை அருகில் இருந்தார்கள்.

ஒன்றை நினைவில் வையுங்கள். "இன இழிவு நீங்க இஸ்லாமே நன்மருந்து" என்ற தலைப்பில் பெரியாரின் ஒரு நூல் உண்டு. அவர் முஸ்லிமாகவில்லை, அப்படிச் சொல்லிக்கொண்டதும் இல்லை. ஆனால், ஆண்டான் அடிமை பார்க்காமல் ஒரே ஸஃப்பில் தோளோடு தோள் நிற்கும் இந்தச் சமூகத்தின் சமத்துவம் ஒரு நாத்திகரையும் பேச வைத்தது. அந்த ஸஃப் இன்றும் நம்மிடம் இருக்கிறது. அதை வளைக்காமல் வைத்திருந்தால் அதுவே பெரிய தஃவா.

யா அல்லாஹ்! எங்கள் நாவில் மென்மையையும், எங்கள் வாதத்தில் நேர்மையையும் தருவாயாக! எங்கள் பிள்ளைகளின் ஈமானைப் பாதுகாப்பாயாக! சந்தேகத்தில் தவிப்பவர்களுக்கு எங்கள் நடத்தையே தடையாகிவிடாமல் காப்பாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்!