முகத்தில் எழுதியிருக்கும் வயது

பெற்றார் கூட்டத்தன்று வகுப்பு வாசலில் நின்றவரைப் பார்த்து, “பாட்டி வந்திருக்காங்களா?” என்று மாணவனிடம் கேட்டுவிட்டேன். “எங்கம்மா, சேர்” என்று தலையைக் குனிந்துகொண்டான். பேச்சுவாக்கில் தெரிந்தது, அவருக்கும் எனக்கும் ஒரே வயது. 43.

தெல்தோட்டைப் பக்கம் தோட்டமொன்றில் கொழுந்து பறிப்பவர். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்ட லூல்கந்துர அங்கிருந்து தூரமில்லை. ஆயிரம் மீற்றர் மேலே போனால் புறஊதாக் கதிர் ஏறத்தாழப் பத்து வீதம் கூடும். தோலைத் தாங்கி நிற்கும் கொலாஜன் நாரை அறுப்பது அந்தக் கதிர்தான். முகத்தில் நாம் முதுமை என்று வாசிப்பதில் பெரும்பகுதி வெயில் எழுதியது. நானோ கூரைக்குக் கீழே வெண்கட்டி பிடித்தவன்.

கண்டிக் கடைகளில் சுருக்கம் போக்கும் கிறீம் பெட்டிகளில் வல்லாரையும் தேயிலையும் பச்சைப் பசேலென்று சிரிக்கின்றன. முழுப் பொய்யல்ல. வல்லாரையிலுள்ள ஏசியாட்டிகோசைட் கொலாஜன் உற்பத்தியைத் தூண்டுவதை ஆய்வுகூடத்தில் கண்டிருக்கிறார்கள். தேயிலையின் கற்றெக்கின்கள் வெயிலின் சேதத்தைச் சற்றுத் தணிக்கும். ஆனால் மனிதரில் நடந்த பரிசோதனைகள் சிறியவை, பலனும் மெல்லியது. ஒரு தொப்பியின் நிழல் அதைவிடப் பெரிய மருந்து. (வல்லாரையைத் தேங்காய்ப்பூவோடு சம்பலாக உண்பதே எனக்கு விருப்பம்.)

இத்தகைய பூச்சுகளைப் படைப்பின்மேல் கொண்ட அதிருப்தி என்று நானே பேசியிருக்கிறேன். பிறகுதான் எங்களூர்ப் பெரியவர்களின் மருதோன்றித் தாடி நினைவுக்கு வந்தது. அதுவும் இலைச்சாறுதான், அதை யாரும் ஏமாற்று என்று சொன்னதில்லை. காலம் தரும் சுருக்கத்தைப் பொறுமையோடு ஏற்கச் சொல்லலாம். நாட்சம்பளத்துக்காக வெயிலில் நின்று வாங்கிய சுருக்கத்தையும் அப்படி ஏற்கச் சொல்ல எனக்கு என்ன உரிமை? அந்தத் தாய் ஒரு கிறீம் வாங்கினால் அதை வீண் ஆசை என்று சொல்ல என் நாக்கு இனி எழாது. அவர் பறிக்கும் செடியின் சாறு நகரத்துப் பெண்ணின் கன்னத்துக்கு ஆகுமென்றால் அவருக்கு ஏன் ஆகாது?

ஆனாலும் கிறீம் என் கேள்வியைத் திருத்தாது. அந்த முகத்தைப் பார்த்ததும் பாட்டி என்று முடிவுகட்டியது என் கண்.

அடுத்த தவணைக் கூட்டத்துக்கும் அவர் வந்தார். எழுந்து நின்று கதிரையைக் காட்டினேன். “பரவாயில்ல சேர், நின்னே பழக்கம்” என்றார்.