குறைந்துபோனதில் பங்கு கேட்பது

குறைந்துபோன ஒன்றில் சமபங்கு கேட்பது நியாயமா? இந்தக் கேள்வியை நான் தத்துவப் புத்தகத்திலிருந்து எடுக்கவில்லை. திண்டுக்கல்லுக்கு வடக்கே, வேடசந்தூர்ப் பக்கத்துக் கரட்டுக்காட்டில் மாசி மாதம் நடக்கிற முயல் வேட்டையிலிருந்து எடுக்கிறேன்.

சிவராத்திரியை ஒட்டி ஊர் கூடிப் போகிற வேட்டை அது. பாரி வேட்டை என்பார்கள். எல்லா ஊரிலும் ஒரே மாதிரி நடக்கிறது என்று நான் சொல்லவில்லை. நான் பிறந்த ஊரில் நடந்தது இது: வலை ஊர்க்காரர்களுடையது, நாய் ஊர்க்காரர்களுடையது, காடு கலைப்பது மட்டும் சேரி. தப்படித்து, கூச்சல் போட்டு, முள்ளில் காலைக் கிழித்துக்கொண்டு முயலைக் கிளப்பி வலைப் பக்கம் விரட்டிவிட வேண்டும். சாயங்காலம் மந்தையில் கூறு போடுவார்கள். சாமிக்கு ஒரு கூறு, நாட்டாமைக்கு ஒன்று, வலைக்கு ஒன்று, நாய்க்கு ஒன்று. ஆமாம், நாய்க்கும் பங்கு உண்டு. கலைத்தவனுக்குத் தலையும் குடலும். அதுவும் ஊர் மனசு வைத்தால்.

2016இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. 2017 ஜனவரியில் தமிழ்நாட்டின் 32 மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவை என்று அரசு அறிவித்தது. எங்கள் பக்கம் ஆட்டுக்குத் தழை இல்லை. கரட்டில் முயல் புழுக்கையைப் பார்ப்பதே அரிதாகிப்போச்சு. அடுத்த மாசிக்கு முன்னால் சேரிப் பையன்கள் கூடி ஒரு முடிவெடுத்தார்கள். "இந்த வருசம் எவனுக்கும் காடு கலைக்கப் போறதில்ல. நாமளே வல வாங்கி நாமளே தனியாப் போறோம்." எந்தக் கரடு, யார் வீட்டு நாய், கூறு எப்படி, தாலியறுத்த பொம்பளை வீட்டுக்கும் ஒரு கூறு, எல்லாம் பேசி வைத்துவிட்டார்கள். சேரி தன் பேரில் போக இருந்த முதல் வேட்டை. அதில் ஒருவன் என் அக்கா மகன். "மாமா, நீங்க படிச்சவுக. இது சரியா தப்பான்னு சொல்லுங்க" என்றான்.

சட்டத்தைக் கேட்டால் பதில் சுலபம். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி முயல் வேட்டை குற்றம். அந்தச் சட்டத்தில் வேட்டை என்ற சொல்லுக்குக் கொடுத்திருக்கிற விளக்கத்தைப் பாருங்கள். கொல்வது, வலை வைப்பது மட்டுமல்ல, விலங்கைக் கலைத்து விரட்டுவதும் வேட்டைதான். சட்டத்தின் கண்ணில் எங்கள் பையனும் முழு வேட்டைக்காரன். மந்தையில் கூறு போடும்போதுதான் அவன் வேட்டைக்காரன் இல்லை. வழக்கு என்று வந்தால் பங்காளி, பங்கு என்று வந்தால் வேலைக்காரன்!

இன்னொன்றையும் நினைத்துப் பார்க்க வேண்டும். இந்தியாவின் கடைசிச் சிவிங்கிப்புலிகள் மூன்றை 1947இல் சுட்டவர் கொரியா சமஸ்தானத்து மகாராஜா என்பது பதிவான செய்தி. 1952இல் அந்த இனமே இந்த மண்ணில் அற்றுவிட்டதாக அறிவித்தார்கள். அவருக்குப் பெயர் ஷிகாரி. கண்ணி வைத்த என் பெரியப்பனுக்குப் பெயர் திருட்டு வேட்டைக்காரன்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு, ஆகவே போங்கடா வேட்டைக்கு என்று சொல்லிவிட முடியுமா? முடியவில்லை. எங்கள் பாட்டன்மார் சினை முயலைத் தொடமாட்டார்கள், இயற்கையின் காவலர்கள் என்று கதைகட்டவும் எனக்கு விருப்பமில்லை. பசித்தவன் கிடைத்ததைத் தின்றான், அவ்வளவுதான்.

1927 மார்ச் 20 அன்று மகாடில் அம்பேத்கர் சவதார் குளத்து நீரை அள்ளிக் குடித்தார். அது தாகத்துக்காகக் குடித்த தண்ணீர் அல்ல, சமம் என்று காட்டக் குடித்தது. ஆனால் நாம் ஒரு கை அள்ளியதால் அந்தக் குளம் வற்றிவிடவில்லை. உரிமையை நிலைநாட்டியதில் எந்த உயிருக்கும் நட்டமில்லை. வறட்சிக்குத் தப்பிய நாலு முயல் அப்படியல்ல. அதே மகாடு மாநாட்டில்தான் செத்த மாட்டுக்கறியை விட்டுவிடச் சொன்னார் அம்பேத்கர். ஒன்றை எடுத்துக்கொள்வதும் மானம், ஒன்றை விட்டுவிடுவதும் மானம். பின்னாளில் 'புத்தரும் அவர் தம்மமும்' நூலில் தேவைக்குக் கொல்வதையும் விருப்பத்துக்குக் கொல்வதையும் அவர் பிரித்துக் காட்டுகிறார்.

எங்கள் பையன்களுக்கு வயிற்றுத் தேவை இல்லை. ரேசன் அரிசி இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை பிராய்லர் கறி இருக்கிறது. அவர்களுக்கு வேண்டியது மானம். மானமும் தேவைதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் எங்கள் மானத்துக்கான விலையை முயல் ஏன் கொடுக்க வேண்டும்?

"காடு கலைக்கப் போறதில்லங்கிறது சரி. அதுலயே எல்லாம் வந்துருச்சு. வல வாங்காதீங்க" என்றேன். அவன் விடவில்லை. "அப்ப அவுங்க பிடிச்சுத் திம்பாக. நாம விட்டுக் குடுக்கணுமா? எப்பவும் நாமதான மாமா விட்டுக் குடுக்குறோம்?"

இதற்குப் பதில் சொல்லாமல் எந்த அறமும் பேச முடியாது. அமெரிக்காவில் வயோமிங் மாநிலத்தில் 2022-23 குளிர்காலத்தில் பனி மிகுந்து ப்ராங்ஹார்ன் என்ற மான்கள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. வேட்டை உரிமத்தின் எண்ணிக்கையை அரசு குறைத்தது. குறைவு வந்தபோது கட்டுப்பாடும் எல்லாருக்கும் பொதுவாக வந்தது. நம் ஊரிலோ அடக்கம் என்றால் அது கீழிருப்பவனுக்குச் சொல்லும் புத்திமதி. ஆகவே விட்டுவிடுகிறவன் வாய்மூடி விட்டுவிடக் கூடாது. எங்களுக்கு உரிமை உண்டு, இந்த வருசம் அதை எடுக்கவில்லை, நீங்களும் எடுக்கக் கூடாது என்று மந்தையில் நின்று சொல்ல வேண்டும். உரிமையே இல்லாதவன் ஒதுங்குவது அடிமைத்தனம். உரிமையைச் சொல்லி, மற்றவனையும் நிறுத்தச் சொல்லி ஒதுங்குவதுதான் அறம்.

பையன்கள் அப்படியே சொன்னார்கள். ஊர் கேட்கவில்லை, வேட்டைக்குப் போனது. கலைக்க ஆளில்லாமல் ஒற்றை முயலோடு திரும்பியது. பிறகு இரண்டு மாதம் சேரிப் பெண்களைக் களையெடுக்க யாரும் கூப்பிடவில்லை. அந்த விலையை நாங்கள் கொடுத்தோம். மானத்துக்கு அதுதான் சரியான விலை என்று பெண்களிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர்களே சொன்னார்கள்: "போகட்டும், எங்க புள்ளைக கால்ல இந்த வருசம் முள்ளுக்காயம் இல்ல."

மழை பெய்தால் முயல் பெருகிவிடும். பெருகாதது நிலம். முயலும் எங்கள் ஆடும் சேர்ந்து மேய்ந்த புறம்போக்கில் பாதி, கம்பிவேலிக்குள்ளும் பிளாட்டுக் கல்லுக்குள்ளும் போய்விட்டது. பையன்கள் இப்போது கிராம நிர்வாக அலுவலகத்து 'அ' பதிவேட்டைக் கேட்டுத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டிருக்கிறார்கள். எந்தப் புல எண், எத்தனை ஏக்கர், யார் கையில் என்று தெரிய வேண்டும். அதில் பங்கு கேட்பதற்கு எந்த உயிரையும் கொல்ல வேண்டியதில்லை.