பொடிப்பனி நாளும் ஓய்வின் உரிமையும்

நெடுநாள் காத்திருந்து பெற்ற இன்பமே சிறந்த இன்பமென்று உலகத்தார் சொல்லுவர். அங்ஙனம் காத்திருந்தவன் அவ்வின்பத்துக்கு உரியவனாகி விடுகிறான் என்றும் கருதுவர். இவ்விரண்டனுள் முதலாவது உண்மையாயிருக்கலாம். இரண்டாவதும் உண்மைதானா? இதனை ஆராய நாம் எடுத்துக்கொள்ளும் பொருள் வாசகர்களுக்குச் சற்று வியப்பை அளிக்கக்கூடும். அது பனிச்சறுக்கு விளையாட்டு.

செபராங் ஜெயாவில் வாழும் நாம் வெயிலையும் மழையையும் அன்றி வேறொரு பருவத்தை அறியோம். உறைபனியை நாம் காண்பது குளிர்ப்பெட்டிக்குள்ளேதான். ஆனால், குளிர்நாட்டு மலைகளில் ஸ்கீ என்னும் நீண்ட பலகைகளைக் காலிற் பூட்டிச் சறுக்கி விளையாடுவோர், ஆண்டு முழுதும் ஒரு நாளை எதிர்நோக்கியிருப்பர். அதனைப் பொடிப்பனி நாள் என்று சொல்லலாம். கடுங்குளிரில், காற்று அடங்கிய இரவில், புதுப்பனி மாவைப்போல் விழுந்து குவியும். அக்குவியலிற் பத்தில் ஒன்பது பங்கு காற்றே. அதன்மேற் சறுக்குபவன் தரையைத் தொடாமல் மிதப்பது போன்ற உணர்ச்சியை அடைகிறான். வெயில் ஏறினால் அது இளகும். காற்று வீசினால் இறுகும். முன்னே சென்றவர் தடம் பதித்துவிட்டாலோ பின்னே வருபவர்க்கு அப்புதுமை இல்லை. சில மணி நேரமே அதன் ஆயுள்.

இந்தியாவில் இவ்விளையாட்டுக்குப் பெயர்பெற்ற இடம் காஷ்மீரத்திலுள்ள குல்மார்க். ஏறக்குறைய 2,650 மீட்டர் உயரத்திலுள்ள அவ்வூரிலிருந்து, கம்பிவடத்தில் தொங்கிச் செல்லும் பெட்டிகள், அபர்வத் மலையில் நாலாயிரம் மீட்டரை நெருங்கும் உயரம்வரை மக்களை ஏற்றிச் செல்கின்றன. மத்தியதரைக் கடற்பக்கத்தில் தோன்றி மேற்கேயிருந்து வரும் காற்றுச் சுழல்களே காஷ்மீரத்துக்குக் குளிர்காலப் பனியைக் கொணர்பவை. 2024ஆம் ஆண்டில் அவை பிந்தின. ஜனவரி மாதத்தின் பெரும்பகுதியில் குல்மார்க் வெறும் புல்லும் மண்ணுமாய்க் கிடந்தது. மாதக் கடைசியிற் பனி வந்தது. பிப்ரவரியில் மிகுதியாகப் பொழிந்தது. 21ஆம் தேதி கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுப் போட்டிகள் அங்கே தொடங்கின. மறுநாளே பனிச்சரிவொன்றில் அகப்பட்டு ரஷ்ய நாட்டுச் சறுக்கு விளையாட்டுக்காரர் ஒருவர் மாண்டார். 2025இலோ பனி போதாமையால் அதே போட்டிகள் பிப்ரவரியிலிருந்து தள்ளிவைக்கப்பட்டு மார்ச் 9ஆம் தேதிதான் தொடங்கின.

இதனால் விளங்குவது யாது? யார் காத்திருந்தார், யார் காத்திருக்கவில்லை என்பதைப் பனி அறியாது. ஒருவன் பத்து ஆண்டு பொருள் சேர்த்துப் போன வாரத்தில் அது பொழியாமல் இருக்கும். நேற்று வந்தவன் காலடியிற் கொட்டிக் கிடக்கும். மேலும், இன்பந்தரும் அப்புதுப்பனியே ஆபத்தையும் தருவது. பழைய பனியோடு நன்றாய்ப் பிணையாத புதிய அடுக்கு, பெரும்பொழிவின்போதும் அதற்கடுத்த நாளிலுமே மிகுதியாகச் சரியும். "இத்தனை நாள் பொறுத்தோமே, இன்றுமா பொறுப்பது?" என்ற எண்ணம் எழுவதும் அப்பொழுதுதான். மாண்டவர் அவசரப்பட்டார் என்று நாம் சொல்லவரவில்லை. அதனை நாம் அறியோம். காத்திருத்தல் நமக்கு ஆவலை அளிக்கிறதேயன்றி உரிமையை அளிப்பதில்லை என்பதே நாம் சொல்வது.

நிற்க. காத்திருத்தல் உரிமை தராதாயின், அந்நாளின் இன்பம் யாருக்குக் கிட்டுகிறது? அன்று காலை தன் வேலையை விட்டு வெளியேறக் கூடியவனுக்கே கிட்டுகிறது. குல்மார்க்கில் வழிகாட்டுவோர், சறுக்குவண்டி இழுப்போர், குதிரைக்காரர், விடுதிப் பணியாளர் ஆகியோருக்கும் பனி வந்தால் மகிழ்ச்சியே. அது அவர்கள் சோறு. ஆனால் அந்தக் காலை அவர்களுக்கு மிகுந்த வேலையுள்ள காலை. மூன்று மாதத்துக்கு முன் எழுதிக்கொடுத்துப் பெறும் விடுமுறையால் இத்தகைய நாளைப் பிடிக்க இயலாது. கலிபோர்னியாவிலுள்ள படகோனியா என்னும் உடைக் கம்பெனி, கடலில் நல்ல அலை எழும்போது தன் பணியாளர் அலைச்சறுக்கு விளையாடப் போகலாமென்ற ஏற்பாட்டைக் கொண்டிருப்பது இதனை உணர்ந்தே. அலையும் பனியும் நாட்காட்டியைப் பார்த்து வருவனவல்ல.

இனி நம் தோட்டங்களுக்கு வருவோம். இங்கும் வானம் திடீரென்று ஒரு நாளைக் கொடுப்பதுண்டு. இரவு மழை பெய்து பட்டை நனைந்தால், பால்மரம் சீவ முடியாது. சீவினாலும் மங்கில் வடிந்த பாலை மழைநீர் அடித்துக்கொண்டு போய்விடும். அன்று சீவுவோருக்கு வேலையில்லை. ஆனால் வேலையில்லாத அந்நாள் ஓய்வு நாளாவதில்லை. நாட்கூலிக் காலத்தில் பெரட்டிற் பெயர் விழாத நாள் கூலியற்ற நாள். இன்றும் வெட்டிய பாலுக்கேற்பப் பணம் பெறுவோர்க்கு மழை நட்டமே. ஒரே வானம் ஒருவனுக்கு மிதக்கும் இன்பத்தையும் மற்றொருவனுக்குக் கடன் பற்றிய கவலையையும் பொழிகிறது. இவ்வேறுபாடு வானத்தினாலா வந்தது? அன்று. கையிலுள்ள நேரம் யாருடையது என்பதனால் வந்தது.

இங்கே சில நீதிமான்கள் குறுக்கிடுவர். "உழைப்பாளிக்கு ஓய்வு கொடுத்தால் கெட்டுப்போவான், ஆசையே துன்பத்துக்குக் காரணம்" என்பர். இவ்வுபதேசம் எப்பொழுதும் கூலிக்காரனை நோக்கியே செய்யப்படுவது ஏன்? 1932இல் சோம்பலின் சிறப்பைப் பற்றிக் கட்டுரை வரைந்த பெர்ட்ரண்ட் ரஸ்ஸல், ஏழைகளுக்கு ஓய்வு என்ற எண்ணமே செல்வர்க்கு எக்காலத்தும் அதிர்ச்சியளித்து வந்ததென்று எடுத்துக் காட்டினார். நம் நாட்டிலும் இதற்குச் சான்றுண்டு. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நம்மவர் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு மேலும் இரண்டைக் கேட்டனர். பத்து, பன்னிரண்டு மணி நேர வேலை ஒழிய வேண்டும் என்பது ஒன்று. துரைமாரும் கிராணிமாரும் எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கும் கட்டாயம் நீங்க வேண்டும் என்பது மற்றொன்று. அவ்வேலைநிறுத்தம் படைகொண்டு அடக்கப்பட்டது. கிராணி வேலை பார்க்கும் நமக்கு இவ்வரலாறு கூச்சந் தருவதே. ஆயினும் அதனை மறத்தலாகாது. காற்று முகத்தில் வீச, இறக்கத்தில் மிதிக்காமல் உருண்டு செல்லும் இன்பம் ஏழைக்கும் இருந்தது. அதனை நடுவழியில் நிறுத்துவதே அதிகாரமாக இருந்தது.

ஓய்வு ஒருவர் இரங்கி அளிக்கும் கொடையன்று. 1948 டிசம்பர் 10இல் ஐக்கிய நாடுகள் வெளியிட்ட மனித உரிமைப் பிரகடனத்தின் 24ஆம் பிரிவு அதனை எல்லா மனிதர்க்கும் உரிமையாகக் கூறுகிறது. மலேசியாவின் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் இரண்டாண்டுக்குக் குறைந்த பணியுடையோர்க்கு ஆண்டுக்கு 8 நாளும், ஐந்தாண்டுக்கு மேற்பட்டோர்க்கு 16 நாளும் சம்பளத்தோடு விடுமுறை அளிக்கிறது. 2023 ஜனவரி முதல் வாரவேலை 48 மணியிலிருந்து 45 ஆகக் குறைந்தது. இவை நல்லவையே. ஆனால் அந்த நாட்களுள் ஒன்றையேனும் அன்று காலையிற் சொல்லி எடுத்துக்கொள்ள எத்தனை பேரால் முடிகிறது?

எல்லாரும் குல்மார்க் செல்ல வேண்டுமென்று நாம் வாதிக்கவில்லை. ஒவ்வோர் ஊருக்கும் அதனதன் பொடிப்பனி நாள் உண்டு. பாலிக் புலாவில் துரியான் கொட்டும் காலை, மழைக்குப்பின் பினாங்கு மலை தெளிந்து நிற்கும் பொழுது, நெடுநாள் காணாத தமக்கை முன்னறிவிப்பின்றி வந்து வாசலில் நிற்கும் நாள்: இவையெல்லாம் அத்தகையனவே. செம்பனைக் குலை காத்திராது என்று நிர்வாகிகள் சொல்லக்கூடும். அறுவடைச் சுற்று பத்து முதல் பதினான்கு நாளுக்கொருமுறை வருவது. ஓராள் ஒருநாள் வராததை அச்சுற்று தாங்கும். கணக்கெழுதும் நாம் இதனை அறிவோம். ஆகவே நாம் வேண்டுவது சிறிது. ஆண்டு விடுமுறையில் இரண்டு நாளையேனும், காரணம் கேளாமல், அன்று காலையிற் சொல்லி, கூலி குறையாமல் ஒவ்வொரு தொழிலாளியும் எடுத்துக்கொள்ள இடமிருக்க வேண்டும். தொழிற்சங்கத்தார் அடுத்த ஒப்பந்தத்தில் இதனையும் ஒரு வரியாகச் சேர்ப்பார்களா?