இசையரங்கின் மௌனம்

1972ஆம் ஆண்டு டிசம்பர் 18ஆந் திகதி அமெரிக்க விமானங்கள் ஹனோய், ஹைபொங் நகரங்களின்மீது பெருங் குண்டுவீச்சைத் தொடங்கின. அதே நாட்களில் இத்தாலியின் மிலான் நகரில் மௌரிட்சியோ பொல்லினி என்னும் பியானோக் கலைஞரின் தனியரங்கு ஒன்று நடைபெறவிருந்தது. மிலான் அவர் பிறந்த நகரம். 1960இல், தமது பதினெட்டாவது வயதில், வார்சோவில் நடைபெற்ற சர்வதேச ஷோப்பன் போட்டியில் முதற் பரிசு பெற்றுப் பல நாட்டு மேடைகளிலும் புகழீட்டியவர் அவர். அன்று மேடைக்கு வந்தவர், இசைக்கு முன்னர் குண்டுவீச்சைக் கண்டிக்கும் ஓர் அறிக்கையைப் படிக்க முற்பட்டார். வியட்நாம் என்ற சொல் காதில் விழுந்த கணத்திலேயே சபையிற் பெருங் கூச்சல் எழுந்தது. அறிக்கை முற்றுப்பெறவில்லை. அன்று இசையும் ஒலிக்கவில்லை.

கூச்சலிட்டவர்கள் முரடர்கள் அல்லர். இருமல் வந்தாலும் அடக்கிக்கொண்டு, இரண்டு மணிநேரம் அசையாதிருந்து கேட்கப் பழகியவர்கள். பீத்தோவனின் ஒரு நீண்ட மந்தகதிப் பகுதியின்போது ஆசனம் கிறீச்சிட்டால் முகஞ் சுளிப்பவர்கள். அத்தகையோர் தமது மௌனத்தைத் தாமே உடைத்தனர் என்பதுதான் நமது சிந்தனைக்குரிய விடயமாகிறது. இசையைக் கேட்கும் செவியும் துயரைக் கேட்கும் செவியும் வேறுவேறா? ஓர் அரங்கின் வாயிலில் எதையெதைக் கழற்றிவைத்துவிட்டு உள்ளே செல்ல மனிதனுக்கு உரிமை உண்டு?

‘இசை வேறு, அரசியல் வேறு, நாங்கள் இசைக்காகவே வந்தோம்’ என்பது அவர்கள் தரப்பு வாதமாக இருந்திருக்கும். இவ்வாதத்தை ஏளனஞ் செய்து ஒதுக்கிவிடுவது சுலபம். ஆயினும் நாம் அவ்வாறு செய்தல் தகாது. ஏனெனில், அதற்குள் ஓர் உண்மை இருக்கிறது. அவ்வுண்மையை விளங்கிக்கொள்ள, இந்த மௌனம் எங்கிருந்து வந்தது என்பதைச் சற்றுப் பார்க்கவேண்டும்.

ஐரோப்பியப் பிரபுக்களின் மாளிகைகளில் இசை நெடுங்காலம் பணியாளனின் தொழிலாகவே இருந்தது. எஸ்டர்ஹாசி என்ற ஹங்கேரியப் பிரபுக் குடும்பத்தின் மாளிகையில் ஹைடன் போன்ற மேதையும் ஏவலரின் சீருடையணிந்தே கடமையாற்றினார். உணவுக்கும் உரையாடலுக்கும் சீட்டாட்டத்துக்கும் நடுவே இசை ஒலித்தது. கேட்டாலும் கேட்கலாம், கேளாமலும் இருக்கலாம். அதே எஸ்டர்ஹாசிக் குடும்பத்தின் பண்ணை நிர்வாகத்தில் ஊழியம் பார்த்த ஒருவரின் மகன்தான் பிரான்ஸ் லிஸ்ட். 1839இல் ரோமாபுரியிலும், 1840 ஜூன் மாதம் லண்டனிலும், வேறு பாடகரோ வாத்தியக்காரரோ துணைக்கு இல்லாமல் தனியொருவராக மேடையேறி, ஒரு மாலைப்பொழுது முழுவதையும் பியானோ ஒன்றினாலேயே நிரப்பும் வழக்கத்தைத் தொடக்கிவைத்தவர் அவரே. லண்டன் விளம்பரத்தில் அதற்கு ‘ரிசைட்டல்’ என்று பெயரிடப்பட்டது. பாட்டைச் சொல்லலாம், பாடத்தை ஒப்புவிக்கலாம், பியானோவில் எப்படி ஒப்புவிப்பது என்று ஆங்கிலேயர் சிலர் திகைத்தனராம். நமக்கு இத்திகைப்பு ஏற்பட்டிராது. ஏட்டைப் படிப்பதையும் வீணையை மீட்டுவதையும் ‘வாசித்தல்’ என்ற ஒரே சொல்லாற் குறிப்பவர்கள் நாம்.

ருஷியச் சக்கரவர்த்தி முதலாம் நிக்கலஸ், லிஸ்ட் வாசித்துக்கொண்டிருக்கையிற் பேசினார் என்றும், லிஸ்ட் உடனே கையை எடுத்துவிட்டார் என்றும் ஒரு கதை வழங்குகிறது. கதையோ மெய்யோ, அது வழங்கிவருவதே ஒரு சரித்திரச் செய்தியாகும். ஏவலனுக்கு முன் எசமானன் வாய்மூடி இருக்கவேண்டிய ஓரிடம் உலகத்திலே தோன்றிவிட்டது என்பதே அதன் பொருள். ஆகவே, இசையரங்கின் மௌனம் பிரபுக்கள் கலைக்கு அளித்த கொடை அன்று. உழைப்பவன் ஒருவன் தனது உழைப்புக்கு மரியாதை வேண்டிப் பெற்ற வெற்றி அது. மிலான் நகரச் சபையோர் காக்க நினைத்தது இவ்வெற்றியைத்தான் என்றால், அவர்களது சினத்தில் ஒரு பங்கு நியாயம் உண்டு.

ஆனால் அவ்வெற்றியைப் பெற்றுத்தந்தவரே அதை எதற்குப் பயன்படுத்தினார்? பிரான்சின் லியோன் நகரத்துப் பட்டு நெசவாளர் 1831இலும் 1834இலும் கிளர்ந்தெழுந்தனர். படை கொண்டு அடக்கப்பட்டனர். அந்நகரின் பெயரையே தலைப்பாக இட்டு இளைஞரான லிஸ்ட் ஒரு பியானோப் படைப்பை இயற்றினார். உழைத்து வாழ்வோம், இன்றேல் போராடி மடிவோம் என்ற நெசவாளரின் முழக்கத்தையே அதன் முகப்பிற் பொறித்தார். 1837இல் வேலையற்றிருந்த அந்நகரத் தொழிலாளருக்காக உதவி அரங்கும் நடத்தினார். தனியரங்கு என்ற இவ்வழக்கத்தின் வேரிலேயே நெசவாளரின் குரல் இருக்கிறது. (பிற்காலத்தில் அதே தொகுதியின் பாடல்களைத் திருத்தி மீண்டும் வெளியிட்டபோது ‘லியோன்’ அதில் இடம்பெறவில்லை. புகழும் பட்டங்களும் மனிதரை எவ்வாறு திருத்துகின்றன என்பதற்கு இது போதும்.)

இன்னொன்றையும் சொல்லவேண்டும். மேடையில் மின்னும் அந்த வாத்தியத்தை யாரும் வானத்திலிருந்து இறக்கிவைக்கவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அதன் வெள்ளைக் கட்டைகளின் மேற்பூச்சு யானைத் தந்தம். கிழக்காபிரிக்காவின் உட்பகுதியிலிருந்து கரைக்கும், அங்கிருந்து சன்சிபார்ச் சந்தைக்கும் அத்தந்தத்தைச் சுமந்துவந்தோரில் அடிமைகள் பலர். கறுப்புக் கட்டைகளுக்குக் கருங்காலி பயன்பட்டது. அம்மரத்துக்கு உலகச் சந்தையிற் பேர்பெற்ற நாடுகளுள் நமது இலங்கையும் ஒன்று. இரும்புச் சட்டத்தை வார்த்தவர்களும் கம்பிகளை முறுக்கியவர்களும் ஆலைத் தொழிலாளரே. 1989இல் யானைத் தந்த வாணிபத்தைத் தடைசெய்ய உலக நாடுகள் தீர்மானித்தன. இன்று செய்யப்படும் பியானோக்களில் வெள்ளைக் கட்டைகளின் மேற்பூச்சு பெரும்பாலும் பிளாஸ்டிக்கினால் ஆனது. அரசியலை வெளியே நிறுத்திக் கதவைச் சாத்திவிட்டோம் என்று மிலான் சபையோர் நினைத்திருக்கக் கூடும். அரசியலோ மேடையின் நடுவிலே மூன்று கால்களில் நின்றுகொண்டிருந்தது.

எனினும் வாத்தியத்தின் வரலாறு இசையைத் தீட்டுப்படுத்திவிடுகிறது என்று நாம் கொள்ளவில்லை. அவ்வாறு கொள்வோமாயின், தஞ்சைப் பெருங்கோயிலையும் எகிப்தியப் பிரமிட்டையும் நிமிர்ந்து பார்க்கும் உரிமை நமக்கு இல்லாது போகும்.

பீத்தோவனின் 106ஆம் இலக்கப் படைப்பு ‘ஹம்மர்கிளாவியர்’ சொனாட்டா என்று வழங்குகிறது. 1817க்கும் 1818க்கும் இடையில், செவிப்புலன் பெரும்பாலும் அழிந்துவிட்ட நிலையில், அவர் இயற்றியது. ஆஸ்திரிய அரச குடும்பத்து ஆர்ச்டியூக் ருடோல்புக்கு அது அர்ப்பணிக்கப்பட்டது. அம்மனிதர் உள்ளிட்ட மூன்று பிரபுக்கள் வழங்க இசைந்த ஆண்டுக் கொடையை நம்பியே பீத்தோவன் வியன்னாவிற் தங்கியிருந்தார். இவ்வளவும் மெய். ஆயினும் அதன் மூன்றாம் பகுதியாகிய மந்தகதி தொடங்கியதும், பிரபுவும் கொடையும் எங்கோ போய்விடுகின்றன. பதினைந்து நிமிடத்துக்கும் மேலாக ஒரு துயரம் தன்னைத்தானே மெல்ல ஆராய்ந்துகொண்டு செல்கிறது. அழுகை இல்லை, ஆறுதலும் அவசரமாக வருவதில்லை. கேட்பவன் தனது பொறுமை முழுவதையும் கொடுத்தாலன்றி அதில் எதுவும் கிடைக்காது. நடுவில் மனம் ஒருமுறை வெளியே போய்விட்டால், திரும்பி வரும்போது இசை நெடுந்தூரம் போயிருக்கும். கேட்டல் என்பது ஓய்வு அன்று, ஒரு வகை உழைப்பு என்பதை இத்தகைய படைப்பே நமக்குக் கற்பிக்கிறது. பொல்லினி உலகெங்கும் கொண்டுசென்று வாசித்த படைப்புகளுள் இதுவும் ஒன்று.

இனி அந்த டிசம்பர் மாதத்து அரங்குக்கு வருவோம். பொல்லினி சபையோரிடம் கேட்ட நேரம் ஓரிரு நிமிடங்களுக்கு மேல் இருந்திராது. கேட்க மறுத்தவர்களுக்கு நேரம் ஒரு பொருட்டல்ல. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் மறைந்த ஒருவனின் துயரத்துக்கு அவர்களிடம் பொறுமை இருந்தது. அந்தக் கணத்திலேயே குண்டுகளின் கீழ்க் கிடந்த மக்களின் துயரத்துக்கு இல்லை. முன்னைய துயரம் அவர்களிடமிருந்து எதையும் கேட்பதில்லை. பின்னையது ஏதோ ஒன்றைக் கேட்கிறது. அங்கேதான் வேறுபாடு. இவ்வாறு பார்க்கும்போது ‘இசை வேறு, அரசியல் வேறு’ என்பதற்கு, ‘கேட்டபின் எதுவும் செய்யவேண்டியிராத துயரத்தையே நாம் கேட்போம்’ என்று பொருளாகிறது. இது இசையைக் காப்பதாகாது. இசை நமக்குள் வளர்த்துவிட்ட கவனத்தை, அது பயன்படவேண்டிய முதற் சந்தர்ப்பத்திலேயே கொன்றுவிடுவதாகும்.

நண்பர்கள் சிலர் இவ்விடத்தில் ஒரு வினா எழுப்பக்கூடும். நாளை நமக்கு முற்றிலும் ஒவ்வாத கருத்துடைய கலைஞன் ஒருவன் மேடையேறி, தனது அறிக்கையைப் படித்தால் நாம் வாய்மூடி இருப்போமா? இது நேர்மையான வினா, நழுவிச்செல்ல இடமில்லாதது. நமது விடை, இருக்கவேண்டும் என்பதே. கேட்டபின் எழுந்து போகலாம், கைதட்ட மறுக்கலாம், மறுநாட் பத்திரிகையில் வன்மையாக மறுத்தெழுதலாம். கூச்சலால் ஒரு குரலை அமிழ்த்துவது எந்த அணியினர் செய்தாலும் ஒரே செயல்தான். முற்போக்கு அணியினரும் அதைச் செய்ததுண்டு. அதேவேளை, மேடையில் ஓர் அறிக்கையைப் படித்துவிட்டால் கலைஞனின் கடன் தீர்ந்துவிடும் என்றும் எண்ண வேண்டியதில்லை. அறிக்கை மலிவான சரக்காகவும் ஆகலாம். மேடையிற் பொங்கும் தார்மீகக் கோபம், சில வேளைகளில், நுழைவுச்சீட்டோடு இலவசமாகக் கிடைக்கும் இனிப்பாகிவிடுவதை நாம் கண்டிருக்கிறோம்.

பொல்லினியின் கடமை அன்றைய அறிக்கையோடு முடியவில்லை என்பதே நமக்கு முக்கியம். 1973 முதல் ரெஜ்ஜியோ எமிலியா நகரை மையமாகக் கொண்டு, இசையமைப்பாளர் லூயிஜி நோனோ, இசைக்குழு நெறியாளர் கிளௌடியோ அப்பாடோ முதலியோருடன் அவர் ‘இசையும் யதார்த்தமும்’ என்ற பெயரில் ஓர் இயக்கத்தில் ஈடுபட்டார். தொழிற்சாலைகளிலும் நூலகங்களிலும் அரங்குகள் நடைபெற்றன. வாசித்தபின் கேட்டவர்களோடு கலந்துரையாடினர். மிலானின் புகழ்பெற்ற ஸ்காலா அரங்கிலும் தொழிலாளருக்கும் மாணவருக்குமெனத் தனி நிகழ்ச்சிகளை அவர்கள் நடத்தினர்.

தொழிலாளருக்கென்று எளிய மெட்டுகளை அவர்கள் தேடிப் பொறுக்கவில்லை. பீத்தோவனையும், பழகிய செவிக்கே கடினமான புதிய இசையையும் கொண்டுசென்றனர். ‘மக்களுக்கு இது விளங்காது’ என்ற வாக்கியம் நம்மவர் நாவில் அடிக்கடி வருகிறது. மேனாட்டிசை என்றவுடன் இன்னும் விரைவாக வருகிறது. அவ்வாக்கியத்தைச் சொல்பவர் தம்மை மக்களின் நண்பர் என்றே கருதுகிறார். உண்மையில், மாளிகையின் வாயிற்காவலன் செய்த வேலையைத்தான் அவர் சம்பளமின்றிச் செய்கிறார். நாள் முழுவதும் இயந்திரத்தின் ஒவ்வோர் ஒலியையும் கூர்ந்து கேட்டு, அதன் பிழையைச் செவியாலேயே கண்டுபிடிக்கும் ஒருவனுக்கு, மூன்று குரல்கள் ஒன்றையொன்று துரத்திச்செல்லும் பியூக் ஏன் விளங்காது? அவனிடம் இல்லாதது செவி அன்று, ஓய்வும் நுழைவுச்சீட்டும்தான்.

இதற்கு வேறு சான்றுகளும் உள. இரண்டாம் உலக யுத்தம் மூண்டதும் லண்டன் அரங்குகள் அடைக்கப்பட்டன. தேசிய ஓவியக்கூடத்தின் ஓவியங்கள் பாதுகாப்பாக அகற்றப்பட்டு, சுவர்கள் வெறுமையாய் நின்றன. அவ்வெறுங் கூடத்தில் 1939 அக்டோபரில் மைரா ஹெஸ் என்ற பியானோக் கலைஞர் மதிய உணவு வேளை அரங்குகளைத் தொடங்கினார். கட்டணம் ஒரு ஷில்லிங். குண்டுவீச்சு மிகுந்தபோது நிலவறைக்கு இறங்கி வாசித்தனர். 1946 வரை 1,698 அரங்குகள் நடைபெற்றன; எட்டு இலட்சத்துக்கும் அதிகமானோர் கேட்டனர். எழுதுவினைஞரும் சிப்பாய்களும் தாதிமாரும் அங்கே கேட்டது பெரும்பாலும் யாருடைய இசையை? பாஹ், பீத்தோவன், பிராம்ஸ் முதலிய ஜேர்மனியரின் இசையை. அரசியலை மறந்ததனால் அவர்கள் அதைக் கேட்டனர் என்று சொல்ல முடியாது. ஹிட்லருக்கும் பீத்தோவனுக்கும் உள்ள வேறுபாட்டை அறிந்திருந்தமையாற் கேட்டனர்.

சோவியத் கலைஞர் ஸ்வியாத்தோஸ்லாவ் ரிக்டர் 1986இல், எழுபத்தொரு வயதில், சைபீரியாவினூடாக மாதக்கணக்காகப் பயணஞ் செய்து, இசையரங்கு என்று ஒன்றும் இல்லாத சிற்றூர்களிலும் வாசித்தார். ஏறத்தாழ நூற்றைம்பது அரங்குகள். பிற்காலத்தில் அவர் மண்டபத்தின் விளக்குகளை அணைக்கச் செய்து, இசைத்தாளின்மீது மட்டும் ஒரு சிறு விளக்கை வைத்துக்கொண்டு வாசிப்பதை வழக்கமாக்கிக்கொண்டார். தமது முகத்தையும் கையையும் பார்ப்பதைக் கைவிட்டுச் சபையோர் இசையைக் கேட்கவேண்டும் என்பது அவர் விருப்பம். அவ்விருளில் முன்வரிசை எது, பின்வரிசை எது என்பதும் தெரியாது.

பொல்லினி 2024 மார்ச் மாதம் 23ஆந் திகதி மிலானிற் காலமானார். மக்கள் இறுதி மரியாதை செலுத்துவதற்காக அவரது உடல் ஸ்காலா அரங்கிலேயே வைக்கப்பட்டது. அன்று உள்ளே செல்ல எவருக்கும் நுழைவுச்சீட்டுத் தேவைப்படவில்லை.