நடை சாத்திய பிறகு மலரும் பூ



போன மாதம் ஒரு வியாழக்கிழமை இரவு 11 மணிக்கு மேல், நம்ம சமய வகுப்புக்கு வருகிற ஒரு தம்பி எனக்கு வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினான். ஃபிளாட் நடைபாதையில் ஒரு பூச்சாடி. அதில் வெள்ளை வெளேரென்று ஒரு பூ, அவன் உள்ளங்கையைவிடப் பெரியது. "ஐயா, எங்க வீட்டுல பிரம்மகமலம் பூத்திருக்கு. பாட்டி மூணு வருஷமா வளர்த்த செடி. நாளைக்கு வெள்ளிக்கிழமைதானே, காலையில கோயிலுக்குக் கொண்டு வரலாமா?" என்று கேட்டிருந்தான். நான் அரைத் தூக்கத்தில் "கொண்டு வாப்பா" என்று பதில் போட்டுவிட்டுப் படுத்துவிட்டேன். தப்பு என்னுடையது. அந்தப் பூவின் குணம் எனக்குத் தெரியும், தெரிந்தும் யோசிக்கவில்லை.

காலை 6.30க்கு வந்தான். தட்டில் வாழையிலை, இலைமேல் பூ. நேற்றுப் படத்தில் பார்த்த பூவா அது? ஈரத் துணியைப் பிழிந்து போட்ட மாதிரி துவண்டு கிடந்தது. குருக்கள் பார்த்தார். "வாடின பூவைச் சாத்தக் கூடாதுப்பா" என்றார். மெதுவாகத்தான் சொன்னார், கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் அவன் முகம் விழுந்துவிட்டது. தட்டை எடுத்துக்கொண்டு நேராக என்னிடம் வந்தான். "ஐயா, கோயில் சாத்தின பிறகு பூத்து, கோயில் திறக்கிறதுக்கு முன்னாடி வாடிப் போற பூவை ஆண்டவன் எதுக்குப் படைச்சான்?"

நல்ல கேள்வி. அன்று என்னிடம் பதில் இல்லை. இன்றைக்கு அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். இந்தப் பூவைப் பற்றி உங்களுக்கெல்லாம் ஃபார்வர்ட் மெசேஜ் வந்திருக்கும். 12 வருஷத்துக்கு ஒரு தடவைதான் பூக்கும், இமயமலைப் பூ, பார்த்தவர்கள் நினைத்தது நடக்கும், பத்துப் பேருக்கு அனுப்பு என்று. அதில் ஒன்றுகூட உண்மையில்லை. இமயமலையில் பிரம்மகமலம் என்று ஒரு பூ உண்மையிலேயே இருக்கிறது, உத்தராகண்ட் மாநிலத்தின் மாநில மலர் அதுதான். ஆனால் அது வேறு செடி, குளிர்ந்த உயர்ந்த மலையில் வளர்வது. நம் வீட்டுச் சாடியில் இருப்பது கள்ளிக் குடும்பத்தைச் சேர்ந்தது, மெக்சிகோவிலிருந்தும் மத்திய அமெரிக்காவிலிருந்தும் வந்தது. எபிஃபில்லம் ஆக்சிபெட்டலம் என்பது அதன் தாவரவியல் பெயர். ஆர்கிட் காக்டஸ் என்று விற்பார்கள். மலாய்க்காரர்கள் பாக்காவாலி என்கிறார்கள், சீனர்கள் கெங் ஹுவா என்கிறார்கள். பாக்காவாலி என்ற பெயர் எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா? 1955-இல் எம்.ஜி.ஆர். நடித்து வந்த 'குலேபகாவலி'தான். உங்க தாத்தாவைக் கேளுங்கள், கதை முழுக்கச் சொல்வார். செடி நன்றாக வளர்ந்தால் ஒரே வருஷத்தில் பல தடவை பூக்கும்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், சிவபெருமான் அடிமுடி தெரியாத சோதியாக நின்ற கதை உங்களுக்குத் தெரியும். பிரம்மா அன்னமாகப் பறந்து முடியைத் தேடினார், காணவில்லை. கீழே இறங்கி வந்துகொண்டிருந்த தாழம்பூவைப் பிடித்து, "நான் முடியைப் பார்த்தேன் என்று சாட்சி சொல்" என்றார். அதுவும் சொன்னது. அந்தப் பொய்க்காகத்தான் தாழம்பூ சிவபூசையிலிருந்து விலக்கப்பட்டது. எவ்வளவு வாசனையான பூ! வாசனை அதைக் காப்பாற்றவில்லை. அங்கே பூ பொய் சொன்னது. இங்கே, பிரம்மா பெயரையே வைத்து, பூவைப் பற்றி நாம் பொய் சொல்கிறோம். சமயத்தை வளர்க்கிறோம் என்று நினைத்து அந்த மெசேஜை அனுப்பாதீர்கள்.

"அப்போ வெளிநாட்டுப் பூன்னா சாமிக்கு ஆகாதா?" என்று ஒரு தங்கை கேட்டாள். மாலை கட்டுகிறோமே செண்டுமல்லி, அது எங்கேயிருந்து வந்தது? அதுவும் மெக்சிகோதான். லிங்கத்தின்மேல் நாகம் குடை பிடித்தது போல் இருக்கிறது என்று கும்பிடுகிறோமே நாகலிங்கப் பூ, அந்த மரம் தென் அமெரிக்காவைச் சேர்ந்தது. சாமி பாஸ்போர்ட் கேட்பதில்லை. கப்பலேறி இந்த நாட்டுக்கு வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம், நாம் கேட்கலாமா?

சரி, வளர்ப்பது எப்படி? இது ரொம்பச் சுலபம், ஆனால் அவசரக்காரர்களுக்கு ஆகாது. விதை வேண்டாம், ஒரு சாண் நீளத் துண்டு போதும். நாம் இலை என்று நினைப்பது உண்மையில் இலை இல்லை, தட்டையான தண்டு. அதன் ஓரத்தில் பள்ளம் பள்ளமாக இருக்கும், அங்கிருந்துதான் மொட்டு வரும். வெட்டிய துண்டை உடனே நடாதீர்கள். நிழலில் நாலைந்து நாள், ஒரு வாரம்கூடப் போட்டு வையுங்கள், வெட்டுவாய் காயட்டும். பச்சையாக நட்டால் அழுகிவிடும். சொந்த ஊரில் இது மண்ணில் வளர்வதில்லை, மரக்கிளையில் ஒட்டிக்கொண்டு வளரும். அதனால் வெறும் மண்ணைப் போட்டு அமுக்காமல், அடுப்புக்கரித் துண்டு, தேங்காய் மட்டைத் துண்டு கலந்து, தண்ணீர் நிற்காமல் ஓடுகிற மாதிரி நிரப்புங்கள். காலை வெயில் கொஞ்சம் பட்டால் நல்லது, மத்தியான வெயில் பட்டால் மஞ்சளாகிவிடும். ஃபிளாட் நடைபாதை இதற்கு நல்ல இடம். பெரிய சாடி வேண்டாம், வேர் கொஞ்சம் நெருக்கமாக இருந்தால்தான் பூக்கும். மேல்மண் காய்ந்த பிறகுதான் தண்ணீர்.

இந்தத் தண்ணீர் விஷயத்தில் நான் அனுபவப்பட்டவன். என் அம்மா வாசல் ஓரத்தில் இந்தச் செடியை வளர்த்தார். நான் அப்போது ஃபேக்டரியில் இரவு ஷிஃப்ட். "டேய், இன்னிக்கி ராத்திரி பூக்கும்டா, லீவு சொல்லேன்" என்பார். நான் என்ன சொல்வேன்? "காலையில வந்து பாக்கிறேம்மா." காலையில் வந்தால் அது தலை தொங்கிக் கிடக்கும். அம்மா ஒன்றும் சொல்லமாட்டார், கோப்பி கலக்கிக் கொடுப்பார். இப்படியே எத்தனை தடவை! அம்மா இருந்த காலத்தில் அந்தப் பூ விரிந்ததை அவரோடு உட்கார்ந்து நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. லீவு கிடைக்காமல் இல்லை. கேட்கவில்லை.

அம்மா போன பிறகு, செடியை நல்லபடியாகப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று தினமும் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினேன். அஞ்சு மாசத்தில் வேர் அழுகி, தொட்டால் கொழகொழவென்று கையோடு வந்துவிட்டது. குற்ற உணர்ச்சியில் ஊற்றிய தண்ணீர் செடிக்கு ஆகவில்லை. சாடியைத் தூக்கிப் போடப் போனபோது பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டி கூப்பிட்டார். "உங்கம்மா எனக்கு ஒரு துண்டு குடுத்தாங்க" என்று பாசார் மலாயில் சொல்லிக்கொண்டே பின்பக்கம் அழைத்துப்போனார். சுவர் உயரத்துக்கு ஒரு செடி! துண்டு வைத்து வளர்வது புதுச் செடி இல்லை, தம்பிகளே, அதே செடியின் உடம்புதான் தொடர்ந்து வளர்கிறது. அதிலிருந்து வெட்டிக் கொண்டு வந்ததுதான் இப்போது என் வீட்டில் இருப்பது.

மொட்டு வந்தால் சாடியை நகர்த்தாதீர்கள், மொட்டு உதிர்ந்துவிடும். முதலில் சின்னதாக, சிவப்பு கலந்து, ஓரத்தில் முளைக்கும். மூணு நாலு வாரம் நீண்டுகொண்டே போய்த் தொங்கும். பூக்கும் நாள் நெருங்கினால், தொங்கிய மொட்டு யானை தும்பிக்கை தூக்குவது போல வளைந்து மேலே பார்க்கும். அன்று சாயங்காலம் நுனி பருத்திருந்தால், ராத்திரி எந்த வேலையும் வைத்துக்கொள்ளாதீர்கள். எட்டு, ஒன்பது மணிக்குத் திறக்க ஆரம்பிக்கும். பத்து மணிக்கு வாசனை வீட்டுக்குள் வரும். நடுநிசிக்கு முழுசாக விரிந்திருக்கும். உள்ளே நூல் நூலாக மகரந்தம், நடுவில் நட்சத்திரம் போல் ஒன்று. பாம்பணையில் பெருமாள் படுத்திருக்கிறார் என்று சிலர் காட்டுவார்கள். இருட்டில் பறக்கிற பெரிய அந்துப்பூச்சிக்காகத்தான் இந்த வெள்ளை, இந்த வாசனை எல்லாம். நமக்காக இல்லை.

இனி தம்பியின் கேள்விக்கு வருகிறேன்.

திருப்புகலூரில் முருக நாயனார் என்று ஒருவர் இருந்தார். 63 பேரில் ஒருவர். அவர் செய்த தொண்டு என்ன? விடியும் முன்னே எழுந்து குளித்து, பூக்கள் கட்டவிழ்கிற நேரத்துக்குப் போய்ப் பறித்து, மாலை கட்டி, ஐந்தெழுத்தை ஓதிச் சாத்துவது. அவ்வளவுதான். மரத்தில் பூக்கும் கோட்டுப்பூ, கொடிப்பூ, நீர்ப்பூ, நிலப்பூ என்று நாலு வகையும் பறிப்பார். நம்ம பாக்காவாலி இந்த நாலில் எதில் சேரும் என்று நானும் யோசித்துப் பார்த்தேன். மரத்தில் இருக்கும், மரத்தின் பூ இல்லை. விட்டுவிடுவோம். நான் சொல்ல வந்தது, அவர் பூவைத் தன் நேரத்துக்கு வரச் சொல்லவில்லை. பூவின் நேரத்துக்கு அவர் எழுந்து போனார். நானும் தம்பியும் செய்தது நேர் எதிர். பூவை நம் நேரத்துக்கு, கோயில் நேரத்துக்கு இழுத்தோம்.

"அப்படின்னா ராத்திரி வீட்டிலேயே பறிச்சு சாமி படத்துக்கு வைக்கலாமா?" தாராளமாக வைக்கலாம். ஆனால் பறிக்காமலும் கொடுக்கலாம். திருநின்றவூர்ப் பூசலார் கையில் காசில்லாமல் மனசுக்குள்ளேயே கோயில் கட்டினார். ஒவ்வொரு கல்லாக, மதில், கிணறு எல்லாம். காஞ்சியில் பல்லவ மன்னன் கட்டிய கற்கோயிலுக்கும் இவர் கோயிலுக்கும் ஒரே நாளில் குடமுழுக்கு வந்தபோது, இறைவன் மன்னன் கனவில் தோன்றி உன் நாளை மாற்றிக்கொள் என்றார். மனசில் கட்டிய கோயிலுக்கு ஆண்டவன் வருவான் என்றால், செடியிலேயே இருக்கிற பூவை ஏற்றுக்கொள்ளமாட்டானா? ஒரு விளக்கை ஏற்றி வைத்து, செடி முன்னால் உட்கார்ந்து, இது உனக்கு என்று சொல்லுங்கள்.

"முகர்ந்த பூ ஆகாதே, வாசனை தானா மூக்குக்கு வருதே?" இப்படி ஒரு கேள்வியும் வந்தது. திருவாரூரில் பூ மண்டபத்துப் பக்கம் கிடந்த பூவை எடுத்து மோந்த பல்லவ அரசியின் மூக்கைச் செருத்துணை நாயனார் அறுத்த கதையைப் படித்துவிட்டுப் பயந்திருக்கிறான். எனக்கே அந்தக் கதையைப் படித்தால் மனசு கஷ்டமாகத்தான் இருக்கும். அது சாமிக்கென்று ஒதுக்கிய பூ. கொடுத்ததை நாம் திரும்ப எடுக்கக் கூடாது என்பதில் அவர்களுக்கு இருந்த உறுதியை அதில் பாருங்கள். செடியில் இருக்கிற பூவின் வாசனை தெருவில் போகிறவனுக்கும் வரும். அதற்கு யாரும் மூக்கைப் பொத்திக்கொள்ள வேண்டாம்.

ஒன்று மட்டும். மகா சிவராத்திரி அன்று நாலு ஜாமமும் கோயில் திறந்திருக்கும். அன்றைக்கு உங்கள் செடி பூத்தால் நடுநிசியில் கொண்டு ஓடலாம். அந்தந்தக் கோயிலுக்கு ஒரு வழக்கம் உண்டு, குருக்களை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் செடி பஞ்சாங்கம் பார்ப்பதில்லை.

இரண்டு வாரத்துக்கு முன்னால் தம்பி மறுபடியும் மெசேஜ் போட்டான். இந்தத் தடவை ராத்திரி 8.40க்கு. "ஐயா, ரெண்டு மொட்டு. திறக்குது." நான் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். வகுப்புப் பிள்ளைகள் மூணு பேர் வந்தார்கள். பத்து மணிக்கு மேல், நடை சாத்திவிட்டுக் குருக்களும் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். யார் சொன்னது என்று தெரியவில்லை. பாட்டி நடைபாதையில் பாய் விரித்து, ஒரு அகல்விளக்கு வைத்திருந்தார். போனை எல்லாம் பாட்டி வாங்கி ஒரு டப்பாவில் போட்டுவிட்டார், குருக்கள் போனும் சேர்த்து! எதிர்வீட்டு மலாய்க்கார அக்கா கதவைத் திறந்து, "வாஙி" என்று சொல்லிவிட்டுத் தன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார். குருக்கள் தணிந்த குரலில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார், பூவைத் தொடவில்லை. பூ திறப்பதைக் கண்ணால் பார்க்கலாம், தம்பிகளே. ஒரு இதழ் லேசாக நடுங்கி விலகும். அப்புறம் அடுத்தது.

நான் வீடு திரும்பியபோது மணி ஒன்று. என் அம்மா கூப்பிட்டதெல்லாம் இதற்குத்தான்.

என் வீட்டுச் செடியிலிருந்து பதினைந்து துண்டு வெட்டி நிழலில் காயப் போட்டிருக்கிறேன். அடுத்த ஞாயிறு வகுப்புக்கு எடுத்து வருகிறேன். ஆளுக்கு ஒன்று. சாடியும் கரியும் நீங்களே கொண்டு வாருங்கள்.